வளவும் வாவியும்

(மட்டக்களப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்ற தலைப்பைக் கேட்டுவிட்டும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தப் பேச்சுக்குக் காணித் தரகர்களும், கட்டட அனுமதிக்கு அலைகிறவர்களும், அலைய விடுகிறவர்களும்தான் வருவார்கள். முன்வரிசையைப் பார்த்தால் மூன்று தரப்பும் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. நல்லது, பேச்சு முடிந்ததும் தேநீர் இருக்கிறது; அங்கேயே சில கோப்புகள் நகரக்கூடும்.

நகரத்தை வரைபடத்தில் நிறம் பிரித்து, இது குடியிருப்பு, இது வர்த்தகம், இது கைத்தொழில், இது திறந்த வெளி என்று கோடு போடுவதற்கு வலயப்படுத்தல் என்று பெயர். அந்தக் கோடுகள் இறுக்கமாக இருக்கின்றன, தளர்த்த வேண்டும், வீடும் கடையும் விடுதியும் சிறு தொழிலும் ஒரே இடத்தில் கலந்திருக்க வழி செய்ய வேண்டும் என்ற பேச்சு இன்று எல்லா நகரங்களிலும் கேட்கிறது. கொழும்பில் 1985 ஆம் ஆண்டுத் திட்டம் பிரித்து வைத்ததை 1999 ஆம் ஆண்டுத் திட்டம் கலப்பு அபிவிருத்தி வலயங்கள் போட்டுத் தளர்த்தியது. 2008 இல் அதையும் திருத்தினார்கள். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டமும் அதே 2008 இல் கலப்புக் குடியிருப்பு வலயத்தோடு நடைமுறைக்கு வந்தது. மட்டக்களப்பிலும் அப்படித் தளர்த்தலாமா என்று கேட்டால், தளர்த்தத்தான் வேண்டும் என்பேன். ஆனால் எங்கே தளர்த்துவது, யார் கையால் தளர்த்துவது என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்தக் கோடுகள் ஏன் வந்தன என்பதை மறந்துவிட்டு அவற்றை அழிக்கக்கூடாது. 1914 இல் கொழும்புக்குள் பிளேக் நுழைந்தது. அடுத்த ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வீதி எவ்வளவு அகலம், வீட்டின் பின்னால் எவ்வளவு வெளி, அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் என்று நம் மாநகர சபையில் இன்றும் அளவு நாடாவோடு பார்க்கிறார்களே, அந்த அக்கறையின் தொடக்கம் எலியும், தோட்டம் என்று கொழும்பில் அழைக்கும் காற்றோட்டமில்லாத நெரிசல் குடியிருப்புகளும்தான். அமெரிக்காவில் நியூயோர்க் நகரம் 1916 இல் வலயச் சட்டம் போட்டது. 1926 இல், யூக்ளிட் என்ற சின்னஞ்சிறு ஊர் வீட்டையும் தொழிற்சாலையையும் பிரித்துக் கோடு போட்டது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. புகைபோக்கிக்குக் கீழே யாரும் பிள்ளை வளர்க்க விரும்ப மாட்டார்கள் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோடு போகப் போகத் தையல் கடையையும் புகைபோக்கியாகவே பார்க்கத் தொடங்கிற்று.

இலங்கையில் இன்று நகரத் திட்டத்தின் பிடி 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதிதான் நம்மைச் சூறாவளி அடித்தது. இந்த மண்டபத்தில் தலை நரைத்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். 1982 இல் வந்த திருத்தம், அபிவிருத்தித் திட்டம் என்ற ஏற்பாட்டையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அமைச்சர் ஒரு நிலப்பரப்பை வர்த்தமானியில் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தால், அங்கே அனுமதி இல்லாமல் ஒரு சாய்ப்புக்கூட இறக்க முடியாது. கட்டட விதிகள் 1986 இல் வந்தன, 2021 இல் புதுப்பிக்கப்பட்டன.

அந்த விதிகளில் ஓர் எண்ணை மட்டும் எடுத்துப் பேசுகிறேன். 150 சதுர மீற்றர். நம் கணக்கில் ஆறு பேர்ச்சஸ். ஒரு காணித் துண்டு அதற்குக் குறையக் கூடாது என்பது 1986 முதல் பொது விதி. கொழும்பிலிருந்து பார்த்தால் நியாயமான எண்தான். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நம் எழுவான்கரையில் அது நம் கலியாண வழக்கத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது.

நம் ஊரில் வீடு மகளுக்கு. தமிழரிலும் அப்படி, முஸ்லிம்களிலும் அப்படி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் இளையவர்களோடு வளவின் பின்பக்கம் ஓர் அறை போட்டு ஒதுங்குவார்கள். பிறகு அந்த அறை வளர்ந்து வீடாகும். அதுவும் அடுத்தவளுக்குப் போகும். அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகள் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கட்டிக் கொடுத்த வீடுகளை, பெற்றோர் மகள்மாரின் சீதனக் கணக்கோடுதான் பார்த்தார்கள் என்பதும் அவருடைய ஆய்வில் உண்டு. கொடுத்தவர்களோ குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரைத் தேடினார்கள். அது தனிக் கதை.

இப்போது கணக்குப் போடுங்கள். இருபது பேர்ச்சஸ் வளவு, மூன்று பெண்பிள்ளைகள். பின்வளவுக்குப் போகப் பாதை விட்டால் ஒவ்வொருத்திக்கும் ஆறு மிஞ்சுவது கடினம். அடுத்த தலைமுறையில் அந்த ஆறும் பிரியும். உறுதி எழுத நொத்தாரிசு இருக்கிறார். பிரித்த துண்டுக்கு அங்கீகாரம் கொடுக்கச் சபைக்கு விதி இடம் கொடுக்காது. அங்கீகரித்த வரைபடம் இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை, இணக்கச் சான்றிதழ் இல்லை. வீடு மட்டும் எழும்பிவிடும். கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டால் விதி திருந்தும் வரை யார் காத்திருப்பார்கள்? இப்படி ஒரு முழு ஊரே, தன் மிக ஒழுங்கான வழக்கத்தைப் பின்பற்றுவதாலேயே சட்டத்துக்குப் புறம்பாக வாழ்கிறது. இந்த இடத்தில் இறுக்கமாக நிற்கிற திட்டத்தை நான் திட்டம் என்று மதிப்பதில்லை. வளர்கிற பிள்ளையின் சட்டைக்குத் தையல்காரர் உள்ளே துணி மடித்து விடுகிறாரே, அந்த அறிவாவது அதற்கு வேண்டும்.

காத்தான்குடியை எடுங்கள். ஏழு சதுர கிலோமீற்றர்கூட இல்லாத நிலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். கிழக்கே கடல், மேற்கே வாவி. வடக்கிலும் தெற்கிலும் நாவற்குடாவும் ஆரையம்பதியும் போன்ற தமிழ் ஊர்கள். பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தாலும் அது எல்லைப் பிரச்சினையாகி, எல்லைப் பிரச்சினை இனப் பிரச்சினையாகிவிடும். இதை மேடையில் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. காணி பற்றிப் பேச வந்துவிட்டு இதை விழுங்கிவிட்டுப் போவதில் பயனில்லை. அந்த ஊர் யாரோடும் சண்டையில்லாமல் வளர மிச்சமிருக்கும் திசை மேலே மட்டும்தான். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே இளைய மகளின் வீடு. ஆகவே கலப்புப் பயன்பாட்டுக்கும் மாடிக்கும் விதியில் இடம் விடுவதை இந்தக் கரையில் சமாதான ஏற்பாடுகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

மேலே போகிறவர்களுக்குக் கீழே ஒரு தடை உண்டு. நம் நிலம் மணல். கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவில் இருக்கின்றன. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் மூன்று குடும்பம் வந்தால் கிணற்று நீர் என்னவாகும் என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருவதால் குடிநீர்க் கவலை குறைந்திருக்கிறது. கழிவு நீர்க் கவலை குறையவில்லை. வலயத்தைத் தளர்த்தும் பத்திரத்தோடு கழிவு நீர்க் குழாய்க்கான பத்திரமும் சேர்ந்து வராவிட்டால், மாடி கட்டியவரின் அழுக்கு பக்கத்து வளவுக் கிணறு வழியாக வாவிக்குப் போகும்.

யப்பானில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, எனக்குப் பிடித்தமானது. அங்கே நாடு முழுவதற்கும் 13 வகை வலயங்கள். அவற்றில் மிக இறுக்கமான, தாழ்ந்த வீடுகளுக்கென்றே ஒதுக்கிய வலயத்தில்கூட, ஒருவர் தன் வீட்டின் பாதிக்கு மேற்படாமல், 50 சதுர மீற்றருக்கு மிகாமல் கடை போட்டுக்கொள்ளலாம். அதற்குத் தனியாக வலய விலக்குக் கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. விதியே உரிமையாகக் கொடுக்கிறது. நம்மிடம் வீட்டு முன்னறையில் தையல் மெசின் வைத்திருக்கும் பெண், மாலையில் டியூசன் கொடுக்கும் ஆசிரியை, விறாந்தையில் அப்பம் சுட்டு விற்கும் அம்மா, பின்வளவில் தறி வைத்திருப்பவர், இவர்களெல்லாம் அந்த விதிக்குள் அடங்கிவிடுவார்கள். வெல்டிங் கடையும் மரம் அரியும் மில்லும் வேறு. அவற்றுக்குச் சத்தத்துக்கு ஓர் அளவு, நேரத்துக்கு ஓர் அளவு, கழிவுக்கு ஓர் அளவு வைக்கலாம். எந்தத் தொழில் என்ற பெயரைப் பார்க்காமல், அது அயலவருக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் போதும்.

இங்கேதான் என் முதல் பிடிவாதம். நெகிழ்வு என்பது எல்லாருக்கும் பொதுவான விதியாக வர வேண்டும். ஆளுக்கொரு கடிதமாக வரக்கூடாது. சென்னையில் ஒரு நடைமுறை உண்டு: காணிக்காரர் மனுக் கொடுத்தால், அவருடைய சர்வே இலக்கத்தின் நிலப் பயன்பாட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். விவசாயம் என்றிருந்தது குடியிருப்பாகும், குடியிருப்பு வர்த்தகமாகும். பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, குழு கூடி, ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனால் மனு எழுதத் தெரிந்தவருக்கும், எழுதுவிக்கப் பணம் உள்ளவருக்கும்தான் அந்தக் கதவு எளிதில் திறக்கும். முன்னறையில் தையல் மெசின் வைத்திருக்கும் பெண் அந்தக் கதவைத் தட்டப் போவதில்லை. துண்டு துண்டாக மாற்றும்போது ஒவ்வொரு துண்டும் தனியே பார்க்க நியாயமாகவே தெரியும். இருபது ஆண்டு கழித்துக் கூட்டிப் பார்த்தால்தான் என்ன போயிற்று என்று விளங்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அரை நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. அதைத் தின்றதில் தனியாரை விட அரச நிறுவனங்களுக்கும் குப்பை மேட்டுக்கும் பங்கு குறைவில்லை. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது வேளச்சேரிக்காரர் மொட்டை மாடியில் நின்றார்கள்.

கொழும்பு இந்தப் பாடத்தைச் சற்றுப் பிந்தியாவது படித்தது. நகரைச் சுற்றிய சதுப்புகள்தான் மழைநீரைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று உணர்ந்து பாதுகாக்கத் தொடங்கிய பின், 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது.

இனி நம் வாவிக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், 140 சதுர கிலோமீற்றர் பரப்பு, கடலோடு தொடும் வாய் இரண்டே இடத்தில்: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. முந்தனி ஆறு, நவகிரி, உன்னிச்சைப் பக்கத்து நீர் எல்லாம் மாரியில் இதற்குள் வந்து விழுகின்றன. மணல் மேடு வாயை மூடியிருந்தால் மட்டம் ஏறும். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்காரர் ஆற்றுவாயை வெட்டச் சொல்வார். நீர் ஒரே வேகத்தில் இறங்கினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று வாவி மீனவர் மறிப்பார். வருடா வருடம் மாவட்டச் செயலகமான கச்சேரியில் நடக்கும் இந்த வழக்கை நீங்கள் அறிவீர்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. நான் சொல்ல வருவது, இந்தத் தகராறில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் கூட்டத்துக்கு வருவதில்லை என்பது. கரையோரத்தில் டிப்பரில் கிரவல் கொண்டுவந்து கொட்டி நிரப்புகிறவர்தான் அவர்.

ஓர் ஏக்கர் சதுப்பை மூன்றடி உயர்த்தினால், அங்கே நின்றிருக்கக்கூடிய ஏறத்தாழ 37 இலட்சம் லீற்றர் நீர் வேறு எங்காவது போய் நிற்க வேண்டும். அது நிரப்பியவரின் வீட்டுக்குப் போகாது. அவர்தான் மூன்றடி உயர்ந்துவிட்டாரே. பக்கத்து ஒழுங்கைக்குப் போகும், அல்லது அக்கரை வயலுக்குப் போகும். 2011 தை மாத வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்ட பாட்டில் இப்படி இடம் மாறிய நீருக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. துண்டு துண்டாக இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 2011 இல் திருத்தி, வாவிகளைச் சுற்றி 100 மீற்றர் நிலத்தையும் கரையோர வலயத்துக்குள் சேர்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாவி போன்ற நீர்நிலைகளுக்கு அந்த வலயம் கடல் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரைதான் போகிறது. 56 கிலோமீற்றர் வாவியில் இரண்டு வாயிலிருந்தும் இரண்டிரண்டு கிலோமீற்றர்! நகரின் நடுவான புளியந்தீவுக்கே அந்த நாடா எட்டாது. அதற்கு அப்பால் வயலென்றால் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம், அரச காணியென்றால் பிரதேச செயலாளர், கட்டடமென்றால் சபை. சபைகளும் ஒன்றா இரண்டா? மட்டக்களப்பு மாநகரம், காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், ஆரையம்பதி, வவுணதீவு, பட்டிப்பளை, களுவாஞ்சிகுடி, வெல்லாவெளி, செங்கலடி என்று பிரதேச சபைகள். வாவி ஒன்று, மேசைகள் இத்தனை. ஒரு மேசை தளர்த்துவதை அக்கரையிலிருக்கும் மேசை மாரி வந்த பிறகுதான் அறிகிறது.

அதனால் என் இரண்டாவது பிடிவாதம்: வாவிக்கரைச் சதுப்பு, கண்டல், வில்லு, ஓடை, வடிகான், மதகு, இவற்றை ஒரே வரைபடத்தில், இரண்டு கரைக்கும் பொதுவாக, வெள்ள மட்டத்தோடு குறிக்க வேண்டும். அந்தக் கோட்டை எந்த வலயத் திருத்தமும் தொடக்கூடாது. விடுதிக்கும் இல்லை, அரச அலுவலகத்துக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, பள்ளிவாசலுக்கும் இல்லை.

கோடு போட்டால் நிற்குமா என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏனென்றால் ஒரு கோடு நம் கண் முன்னாலேயே வந்து போயிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஏன் நமக்கு மட்டும் இருமடங்கு என்ற கேள்விக்கு யாரும் நெஞ்சு நிமிர்த்திப் பதில் சொல்லவில்லை. நாவலடி போல, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக இருக்கும் ஒடுங்கிய மணல் திட்டில் 200 மீற்றரைக் கழித்தால் என்ன மிஞ்சும்? அந்த மக்களில் பலர் திராய்மடுவுக்குப் போனார்கள். தோணியும் வலையும் இருந்த இடம் ஒன்று, படுக்கை இன்னொன்று. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கோடு தளர்ந்து, இடத்துக்கு இடம் வேறுபடும் பழைய கரையோரத் தூரங்களுக்குத் திரும்பியது. தளர்த்தியது சரி. ஆனால் போட்டதும் ஓர் அறிவிப்பால், எடுத்ததும் ஓர் அறிவிப்பால். நடுவில் காணியை விட்டு வந்தவர்களும், வேறு வழியின்றித் தீர்மானம் எடுத்தவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். மண்ணின் உயரத்தை அளக்காமல், அங்கே குடியிருந்தவர்களைக் கேளாமல் போட்ட கோடு, இறுக்கமாக இருந்தாலும் தளர்வாக இருந்தாலும் அநியாயமாகவே முடியும்.

பட்ரிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1921 இல் கொழும்புக்கு நகரத் திட்ட அறிக்கை எழுதியவர். அதற்கு முன் சென்னை மாகாணத்து ஊர்களுக்கும் எழுதினார். முதலில் ஊரைக் கால்நடையாகச் சுற்று, பிறகு பென்சிலை எடு என்பது அவர் வழி. நூறு ஆண்டு ஆகிவிட்டது. நம் அதிகாரிகள் செய்மதிப் படத்தை எடுத்திருக்கிறார்கள், நடையை விட்டுவிட்டார்கள்.

சற்று முன் திராய்மடு என்றேனே, அதைப் பற்றி இன்னொன்று. ஒல்லாந்தர் கோட்டைக்குள் காலங்காலமாக இருந்த கச்சேரி 2024 இல் திராய்மடுவில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கோட்டை பிழைத்தது என்று மகிழ்கிறேன். ஆனால் கச்சேரியை நம்பிப் புளியந்தீவில் வாழ்ந்த சாப்பாட்டுக் கடை, போட்டோப் பிரதிக் கடை, மனு எழுதுகிறவர், ஓட்டோ நிறுத்தம் என்னவாகும்? வரைபடத்தில் நிர்வாகம் என்று ஒரு நிறம் பூசி வைத்தால் அந்தப் பகுதி ஐந்து மணிக்குப் பிறகு ஆளற்றுப் போகும். அங்கே மாடியில் குடியிருப்பும் கீழே கடையும், கோட்டைக்கு வருவோருக்குச் சிறு விடுதியும் அனுமதித்தால் தீவு பிழைக்கும். நெகிழ்வு உடனடியாகத் தேவைப்படும் இடம் இது. ஏற்கனவே கட்டிய நிலம், சதுப்பை ஓர் அங்குலமும் தொடத் தேவையில்லை. மாறாகத் திராய்மடுப் பக்கம் இனிக் காணி விலை ஏறும், நிரப்பும் ஆசையும் ஏறும். கவனமாக இருக்க வேண்டியது அங்கே.

யார் கையால் தளர்த்துவது என்றேனே. மாகாணத்துக்குக் காணியும் உள்ளூராட்சியும் என்று 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னது. ஆனால் நகரத் திட்டத்தின் இறுதி ஒப்பம் கொழும்பில் அமைச்சரிடம்தான். கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தது, பிறகு தேர்தலே இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் காலாவதியாகி, 2025 மே மாதம் வரை ஆணையாளரும் செயலாளரும் நடத்தினார்கள். வாக்குப் போட்ட மக்களின் ஆள் ஒருவரும் இல்லாத மேசைகளில் இரண்டு ஆண்டு கோப்புகள் நகர்ந்தன. இப்போது உறுப்பினர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: திட்டமிடல் குழு கொடுக்கும் ஒவ்வொரு விலக்கையும், காணியின் இடம், காரணம், நிரப்பும் உயரம் மூன்றையும் எழுதி, மாதம் ஒரு முறை சபை வாசலில் தமிழில் ஒட்டுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பசையும் தாளும் போதும்.

சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: அபிவிருத்தித் திட்டம் தயாரானதும் அதை வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவித்து, மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபனை கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களில் பெரும்பாலும் காணித் தரகர்தான் போய்ப் பார்க்கிறார். நீங்களும் போங்கள். அபிவிருத்தி வேண்டும், அழிவு வேண்டாம் என்று பொதுவாக எழுதினால் ஒரு கோப்பில் நூல் கட்டி வைத்துவிடுவார்கள். உங்கள் வீதியின் பெயர், மதகு இருக்கும் இடம், 2011 இல் தண்ணீர் எத்தனையாவது படியில் நின்றது, வளவை எத்தனை பெண்பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டும், வீட்டில் என்ன தொழில் நடக்கிறது, இதையெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வாருங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் இந்த மண்டபத்திலேயே சட்டத்தரணிகள் சிலரும் நில அளவையாளர் இருவரும் இருக்கிறார்கள்; பேச்சு முடிந்ததும் அவர்களை விட்டுவிடாதீர்கள்.